கிராஃபைட்டும் கதிர்வீச்சும்: வெப்பம் ஆற்றும் இருவகைப் பணி

யுரேனியம் பிளவுறும்போது வெளிப்படும் நியூட்ரான்கள் மிகு விரைவுடையவை. இயற்கை யுரேனியத்தில் தொடர்வினை நீடிக்க அவ்விரைவு தணிக்கப்பட வேண்டும். 1942 டிசம்பரில் சிக்காகோவில் இயங்கிய முதல் அணு உலையில் இத்தணிப்பானாக அமைந்தது கிராஃபைட் ஆகும்.

பெட்ரோலியக் கரியைக் கீலுடன் பிசைந்து, உருவமைத்துச் சுட்டு, பின்னர் ஏறத்தாழ 2,800 டிகிரி செல்சியசில் பதப்படுத்துவர். அவ்வெப்பத்தில் கார்பன் அணுக்கள் அறுகோண வலைகளாகி, சுவடியின் ஏடுகளைப் போல் அடுக்கடுக்காக அமைகின்றன. ஏட்டுக்குள் பிணைப்பு வலிது; ஏடுகளுக்கிடையே மெலிது.

விரைந்த நியூட்ரான் மோதும்போது அணுக்கள் இடம்பெயர்ந்து ஏடுகளுக்கிடையே செருகிக்கொள்கின்றன. இதனால் படிகம் அடுக்குத் திசையில் விரிந்து, ஏட்டின் திசையில் சுருங்குகிறது. வெப்பங்கடத்தும் திறனும் குறைகிறது. தாழ்ந்த வெப்பநிலையில் இயங்கும் உலையில், இச்சீர்குலைவு ஆற்றலாகவும் கிராஃபைட்டுள் சேர்ந்துவிடுகிறது. இதனை முன்னுணர்ந்தவர் யூஜீன் விக்னர். ஆகவே அது விக்னர் ஆற்றல் எனப்படுகிறது.

இதற்கு மருந்தும் வெப்பமே. கிராஃபைட்டை இயங்கு வெப்பநிலைக்கு மேல் சூடேற்றினால், பெயர்ந்த அணுக்களுள் பல மீண்டும் காலியிடங்களை அடைகின்றன. தேங்கிய ஆற்றல் வெப்பமாக வெளியேறுகிறது. ஆனால் அளவு தவறினால் மருந்தே நஞ்சாகும். பிரிட்டனின் விண்ட்ஸ்கேல் உலையில் 1957 அக்டோபர் 7ஆம் நாள் இவ்வெப்பச் சிகிச்சை தொடங்கியது. 10ஆம் நாள் உலை தீப்பற்றியிருந்தது கண்டறியப்பட்டது. இரண்டாம் முறை உரிய காலத்திற்கு முன்பே சூடேற்றியதைக் காரணமாக விசாரணைக் குழு சுட்டியது. சுமார் 500 சதுர கிலோமீட்டர்ப் பரப்பில் பால் விநியோகம் தடைசெய்யப்பட்டது.

பிற்கால உலைகள் உயர்ந்த வெப்பநிலையில் இயங்குவதால் அவற்றில் இவ்வாற்றல் பெரிதும் தேங்குவதில்லை. எனினும் இடர் முற்றும் நீங்கிற்று எனல் ஆகாது. அங்குக் கிராஃபைட் பல்லாண்டுகள் சுருங்கிப் பின்னர் விரியத் தொடங்குகிறது. உள்ளே எழும் தகைவுகளால் விரிசல்கள் தோன்றுகின்றன. ஸ்காட்லாந்தின் ஹண்டர்ஸ்டன் ‘பி’ நிலையத்தில் இத்தகைய விரிசல்கள் காணப்பட்டன. அந்நிலையம் 2022 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்தியது. எரிபொருளை மாற்றலாம், உலையின் முதுகெலும்பாகிய கிராஃபைட் அடுக்கை மாற்றுதல் நடைமுறையில் இயலாது.

இந்தியாவின் பெரும்பாலான அணுமின் உலைகளில் தணிப்பான் கனநீரே. நீர்மத்தில் படிகச் சீர்குலைவு இல்லை. ஆயினும் அவற்றின் சிர்கோனியக் கலப்புலோகக் குழாய்கள் நியூட்ரான் தாக்குதலால் நீள்கின்றன. எனவே உலையின் ஆயுளை அறுதியிடுவது எரிபொருள் இருப்பு மட்டுமன்று. அதனைத் தாங்கும் பொருள்களின் நிலையுமாகும். அவற்றை இடைவிடாது அளந்தறிதல் பாதுகாப்பின் முதற்கடமை.