அஞ்சு குளோப் இருந்தாலும் பட்டியலைப் பாருங்கள்

நிலைபேறான முதலீடு என்று விற்கப்படும் நிதியம் எதுவானாலும் நான் முதலில் கேட்பது, அது எந்தெந்தக் கம்பனிகளில் பணம் போட்டிருக்கிறது என்ற பட்டியலை. அடுத்தது கட்டணம். மதிப்பீட்டைக் கடைசியில்தான் பார்ப்பேன்.

லண்டனில் இருக்கும் தங்கச்சி ஓய்வூதியச் சேமிப்புக்காக ஒரு நிதியத்தைப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுக்கு மோர்னிங்ஸ்டார் அஞ்சு குளோப் குடுத்திருக்கு, போடட்டா?" என்று கேட்டபோதும் இந்த வரிசையில்தான் போனோம். நிதியங்களை மதிப்பிடும் மோர்னிங்ஸ்டார் நிறுவனத்தின் அந்தக் குளோப் அடையாளம் 2016இல் வந்தது. ஒரே வகை நிதியங்களை ஒப்பிட்டு, முன்னுக்கு நிற்கும் 10 சதவீதத்துக்கு ஐந்து கொடுப்பார்கள். அதற்கு அடிப்படையான கேள்வி, சூழலாலும் சமூகப் பிரச்சினைகளாலும் அந்தக் கம்பனிகளின் பெறுமதிக்கு எவ்வளவு ஆபத்து என்பதுதான். கம்பனியால் அயலாருக்கு எவ்வளவு ஆபத்து என்பது வேறு கேள்வி.

கொலன்னாவையில் வாழும் எனக்கு இரண்டாவது கேள்விதான் பெரிது. இங்கே எண்ணெய்த் தாங்கிகள் இருக்கின்றன. மீதொட்டமுல்ல குப்பைமேடும் இங்கேதான். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் அந்தக் குப்பைமேடு வீடுகள் மேல் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். கொழும்பு நகரம் கழித்ததை இந்தச் சனம் சுமந்தது. ஒருவரின் கழிவு எங்கே போய் விழுகிறது என்று கேட்காத மதிப்பீடு எனக்குப் போதாது.

மதிப்பிடுபவர்களும் ஒத்துப்போவதில்லை. ஆறு நிறுவனங்களின் மதிப்பீடுகளை ஒப்பிட்டு 2022இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அவற்றுக்கிடையிலான ஒட்டுறவு சராசரியாக 0.54தான் என்று கண்டது. முழு உடன்பாடு என்றால் அது 1. நிதியத்தை நடத்துபவர் சொல்வதையும் அப்படியே நம்ப முடியாது. ஜெர்மனியின் டிடபிள்யூஎஸ் குழுமத்தின் அமெரிக்க நிறுவனம், சூழல் விடயங்களில் தான் செய்வதாகச் சொன்னதைச் சரியாகச் செய்யவில்லை என்று 2023இல் 19 மில்லியன் டொலர் அபராதம் கட்டியது.

தங்கச்சி பார்த்த நிதியத்தின் முதல் பத்துப் பங்குகளில் மைக்ரோசொஃப்ட், என்விடியா என்று பெரும்பாலானவை சாதாரண உலகச் சுட்டி நிதியத்திலும் இருந்தன. கட்டணம் மட்டும் பல மடங்கு. இதைத்தான் எல்லோரிடமும் அழுத்திச் சொல்கிறேன். ஒரு இலட்சம் ரூபாய் ஆண்டுக்கு 10 சதவீதம் வளர்கிறது என்று வையுங்கள். கட்டணம் அரை சதவீதமானால் 20 வருடத்தில் ஏறத்தாழ 6 இலட்சத்து 14 ஆயிரம் கையில் இருக்கும். இரண்டு சதவீதமானால் 4 இலட்சத்து 66 ஆயிரம். போட்ட முதலைவிடப் பெரிய தொகை கட்டணத்தால் கரைந்துபோகிறது. அது பற்றுச்சீட்டில் வராது. அலகின் விலையிலிருந்தே கழித்துவிடுவதால் கண்ணில் படாது.

இலங்கையில் உள்ள யூனிட் டிரஸ்டுகளுக்கும் இதே கணக்குத்தான். முகாமைக் கட்டணம், நம்பிக்கைப் பொறுப்பாளர் கட்டணம், காப்பாளர் கட்டணம், சிலவற்றில் வெளியேறும் கட்டணம் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். பசுமைப் பிணைமுறி வாங்க நினைப்பவர்கள் வட்டி வீதத்தோடு நிற்காமல், திரட்டிய பணம் எந்தத் திட்டத்துக்குப் போகிறது, அதை வெளியார் யாராவது சரிபார்க்கிறார்களா என்று கேளுங்கள். டிஎஃப்சிசி வங்கி 2024இல் அப்படியொரு பிணைமுறி வெளியிட்டது. எது பசுமை என்று வகுக்கும் பட்டியலை மத்திய வங்கி 2022இலேயே வெளியிட்டிருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கையொப்பமிட முன்னர் இரண்டை எழுத்தில் கேளுங்கள்: முழுப் பங்குப் பட்டியலும், வருடத்துக்கான மொத்தச் செலவு வீதமும். தர மறுப்பவரிடம் உங்கள் பணத்தைக் கொடுக்காதீர்கள்.