ஏரிகளைப் பாழாக்கும் வெங்காயத் தாமரை

ஏரிப் பாசனத்தைக் கொண்டு நன்செய்ப் பயிர் செய்யும் பிரதேசங்களில், நீர்நிலையைக் கெடுக்கும் பூண்டு வயலில் முளைக்கும் களையினும் கொடியதாகும். வயற்களை ஒருவருடைய விளைவை மட்டும் குறைக்கும். ஏரியிற் பரவும் களையோ ஆயக்கட்டு முழுவதையும் வருத்தும். அத்தகைய களைகளுள் தலையாயது வெங்காயத் தாமரை. பல ஊர்களில் இதனை ஆகாயத் தாமரை என்றும் வழங்குவர். ஆயினும் அப்பெயர், கோசுக் கீரையைப் போல இலைகள் அடுக்காய் அமைந்த வேறொரு மிதக்கும் பூண்டுக்கே உரியது.

செடியின் இயல்பு

இதன் தாயகம் தென் அமெரிக்காவிலுள்ள அமேசான் நதிப் பிரதேசம். பூவின் அழகை விரும்பிய தோட்டக்காரர்களால் இது பல தேசங்களுக்கும் கொண்டுபோகப்பட்டது. வங்காளத்தில் இது ஆறுகளிற் படகுகள் செல்லவொட்டாமல் தடுத்து, நெல் வயல்களிலும் புகுந்தமையால், 1936-இல் இதனை ஒழிப்பதற்கென்றே அங்குத் தனிச் சட்டம் இயற்ற நேரிட்டது.

இலைக்காம்பு வெங்காயம் போற் பருத்து, உள்ளே காற்றறைகள் நிறைந்திருத்தலால் செடி மிதக்கின்றது. வேர்கள் இறகு போன்று கறுத்து நீருட் தொங்கும். பூ இள ஊதா நிறமுடையது; மேலிதழில் மயிற்கண் போன்ற மஞ்சட் புள்ளி ஒன்று உண்டு. தாய்ச் செடியிலிருந்து பக்கவாட்டில் ஓடும் தண்டுகளின் நுனியிற் குட்டிச் செடிகள் தோன்றி, பின்னர்ப் பிரிந்து தனித்து வாழும். இதனோடு விதையினாலும் இது பெருகும். சேற்றில் விழுந்த விதைகள் பல ஆண்டுகள் முளைக்கும் திறன் குன்றாமற் கிடந்து, ஏரி வற்றி மீண்டும் நீர் வந்ததும் முளைக்கும். ஆதலால் ஒரு கோடையில் ஏரி வறண்டதனால் செடி ஒழிந்ததென்று எண்ணியிருத்தல் பிழை.

வெப்பமும் எருச்சத்தும் மிகுந்த நீரில் இச்செடி ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இரு மடங்காகும். 80 ஏக்கர் பரப்புள்ள ஏரியில் 5 ஏக்கர் அளவே செடி காணப்படுமாயின், அது அற்பமென்றே தோன்றும். ஆனால் இந்த வேகம் குன்றாதிருப்பின், இரண்டு வாரத்தில் 10 ஏக்கரும், நான்கு வாரத்தில் 20 ஏக்கரும், ஆறு வாரத்தில் 40 ஏக்கரும், எட்டு வாரத்தில் ஏரி முழுவதும் மூடப்பட்டுவிடும். செடி அற்பமாய்த் தோன்றும் காலமே அதனை ஒழித்தற்கு ஏற்ற காலமாகும்.

விளையும் கேடுகள்

செடிக் கூட்டம் மதகுகளையும் வாய்க்கால்களையும் அடைத்து நீரோட்டத்தைத் தடுத்தலால், கடைமடைக் குடியானவர்களுக்கு உரிய காலத்தில் நீர் சேர்வதில்லை. பெருமழையில் இக்கூட்டம் கலிங்கில் வந்து சேர்ந்து வெள்ளம் வடியவொட்டாமற் செய்யின், கரைக்கே ஆபத்து நேரலாம். மடிந்த செடிகள் அடியில் வண்டலாய்ப் படிந்து ஏரியைத் தூர்த்துவிடும்.

ஏரியில் இயல்பாய் வாழும் உயிர்களுக்கு நேரும் கேடும் சிறிதன்று. மேற்பரப்பு மூடப்படுதலால் சூரிய வெளிச்சம் உள்ளே செல்லாது. நீருள் வாழும் பாசியும் பூண்டுகளும் அழியும். அல்லியும் கொட்டியும் இடமின்றி ஒடுங்கும். நீரிற் கரைந்துள்ள பிராணவாயு குறையவே, செவுள்களால் மட்டும் சுவாசிக்கும் கெண்டை முதலிய மீன்கள் மடியும். மேலே வந்து காற்றையும் உட்கொள்ள வல்ல விரால் போன்றவை ஒருவாறு பிழைக்கும். இலைக்கோழி மிதக்கும் இலைகளின் மேல் நடந்து திரியினும், மூழ்கி இரைதேடும் முக்குளிப்பானுக்கும் நீர்க்காகத்துக்கும் திறந்த நீர் இல்லாமற் போகும். மிதக்கும் பூண்டுகளின் வேரிற் பற்றிச் சுவாசிக்கும் ஒருவகைக் கொசுப்புழுவும் இங்கே வளரும். அக்கொசு யானைக்கால் நோயைப் பரப்ப வல்லது.

ஒழிக்கும் முறைகள்

கையால் அகற்றுதலே சிறிய ஏரிகளுக்கு ஏற்ற முறை. நீர் குறைந்திருக்கும் கோடையில், பூத்து விதை உதிர்வதற்கு முன்னரே இதனைச் செய்தல் வேண்டும். செறிந்து வளர்ந்த ஓர் ஏக்கர் பச்சைச் செடி நூறு டன் வரையிலும் நிறைகொள்ளும். அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு நீரே. எனவே, கரையேற்றிச் சில நாள் வாடவிட்ட பின்னர் வண்டியேற்றின் செலவு குறையும். கரையின் உட்சரிவிற் குவித்து வைத்தால் அடுத்த மழையில் அவை மீண்டும் ஏரியிற் சேரும். ஆதலால் வெள்ளம் எட்டாத மேட்டிலேயே குவித்தல் வேண்டும்.

வாடிய செடியைச் சாணம், மண் ஆகியவற்றோடு அடுக்கடுக்காகக் குழியில் இட்டு, இடையிடையே புரட்டிவரின் நல்ல மட்கெரு கிடைக்கும். சாம்பற் சத்து இதில் மிகுதி. ஆனால் தோல் பதனிடும் ஆலைகள், சாயப் பட்டறைகள் ஆகியவற்றின் கழிவு சேரும் ஏரிச் செடிகள் ஈயம், குரோமியம் முதலிய உலோகங்களை உறிஞ்சியிருக்குமாதலால், அவற்றை எருவாக்குதல் தகாது.

களைக்கொல்லி தெளித்தல் எளிதெனத் தோன்றினும், மடிந்த செடி ஒருங்கே அழுகி நீரைக் கெடுத்து மீன்களைக் கொல்லும். 2,4-டி என்னும் மருந்து காற்றில் பரவி அருகிலுள்ள பருத்தியையும் கருகச் செய்யும். குடிநீர்க்குரிய ஏரிகளில் இம்முறையை நாடாதிருத்தல் நலம்.

இச்செடியையே உண்டு வாழும் கூன்வண்டுகள் இரண்டு வகை வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 1983 முதற்கொண்டு பெங்களூரைச் சுற்றிய ஏரிகளில் விடப்பட்டன. இவற்றின் புழுக்கள் இலைக்காம்பைத் துளைத்துச் செடியை நலியச் செய்யும். நெல் முதலிய பயிர்களைத் தீண்டா. எனினும் பயன் தெரியச் சில ஆண்டுகள் செல்லும். கோடையில் வற்றும் ஏரிகளில் இவை நிலைபெறுவதும் அரிது.

குடிகளும் அதிகாரிகளும் செய்யத்தக்கன

தொடர் ஏரிகளில், மேலேரியின் செடி கலிங்கு வழியே கீழேரிக்கு வந்து சேரும். கீழேரியை மட்டும் துப்புரவு செய்தல் வீண் செலவாகும். மேலேரியிலிருந்தே வேலையைத் தொடங்குதல் முறை. ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேற்பட்டதாயின் நீர்வளத் துறையினருக்கும், குறைந்ததாயின் ஊராட்சி ஒன்றியத்துக்கும் கிராம அதிகாரிகள் உடனே தெரிவித்தல் வேண்டும். அழகுக்கென்று இதனை வீட்டுத் தொட்டிகளில் வளர்ப்போரையும் தடுத்தல் அவசியம்.

ஒருமுறை அகற்றிய பின்னும், மாதம் ஒருமுறையேனும் கரையோரத்தைச் சுற்றிப் பார்த்து, எஞ்சிய குட்டிச் செடிகளைப் பொறுக்கி எடுத்துவிடுதல் வேண்டும். முற்காலத்துக் குடிமராமத்தில் ஊரார் ஒன்றுகூடி ஏரியைக் காத்ததைப் போல இதனையும் மேற்கொண்டால், இரண்டு ஆட்களின் அரை நாள் வேலையே பிற்காலத்தில் நேரும் பெருஞ் செலவைத் தடுக்கும். கடைமடை வயலுக்கும் நீர் தவறாது வந்து சேரும்.