அணை நீர்மட்டமும் அன்றாடக் கணக்கும்

முன்னுரை

நாளிதழின் உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும் ஒரு செய்தியை நம்மில் பலர் படிக்காமலே தாண்டிச் செல்கிறோம். பவானிசாகர் அணையின் நீர்மட்டம் இத்தனை அடி, நீர்வரத்து இத்தனை கன அடி, வெளியேற்றம் இத்தனை கன அடி என்பதே அச்செய்தி. ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களின் பாசன உழவர்களோ இதைத்தான் முதலில் தேடிப் படிக்கிறார்கள். நாற்று விடலாமா, பொறுத்திருக்கலாமா என்ற கேள்விக்கு விடை இம்மூன்று எண்களில் அடங்கியிருக்கிறது. இந்த எண்கள் எவ்வாறு கிடைக்கின்றன, அவற்றால் என்ன பயன் என்பதைக் காண்போம்.

இரண்டு அளவைகள்

ஓடும் நீரை "கன அடி" என்ற அளவால் கூறுகிறோம். ஒரு வினாடியில் ஒரு கன அடி நீர் கடந்து சென்றால் அது ஒரு கன அடி ஓட்டம். லிட்டரில் சொன்னால் 28.3 லிட்டர். அதாவது வினாடிக்கு ஏறத்தாழ இரண்டு குடம் தண்ணீர்!

தேங்கி நிற்கும் நீருக்கு "டி.எம்.சி." என்பது அளவு. ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஒரு நாளுக்கு 86,400 வினாடிகள் அல்லவா? ஆகவே வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுவதும் ஓடினால் ஒரு டி.எம்.சி. சேரும்.

ஆற்றில் அளப்பது எப்படி?

ஆற்றின் குறுக்குப் பரப்பை நீரின் வேகத்தால் பெருக்கினால் ஓட்டம் கிடைக்கும். விதி எளிது, வேலைதான் கடினம். ஆற்றின் ஆழம் இடத்துக்கு இடம் வேறுபடும். வேகமும் கரையோரத்தில் குறைந்து, நடுவில் மிகுந்திருக்கும். ஆகவே ஆற்றை அகலவாக்கில் பல பட்டைகளாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் ஆழத்தையும் வேகத்தையும் தனித்தனியே அளந்து, பின்னர் கூட்டுகிறார்கள். வேகத்தை அளக்கும் கருவியில் சிறு கிண்ணங்கள் நீரின் விசையால் சுழலும். அந்தச் சுற்றுகளை எண்ணி வேகத்தை அறிகிறார்கள். கருவி இல்லாத இடத்தில் ஒரு மிதவையை விட்டு, குறித்த தூரத்தைக் கடக்க ஆகும் நேரத்தைப் பார்க்கலாம். மேற்பரப்பு நீர் சற்று விரைவாக ஓடுவதால், கிடைத்த வேகத்தை 0.85 ஆல் பெருக்கிக்கொள்வது வழக்கம்.

பல நாள் இவ்வாறு அளந்தபின், இந்த மட்டத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்று ஒரு வரைபடம் தயாராகும். பிறகு அளவுகோலில் நீர்மட்டத்தைப் படித்தாலே போதும், ஓட்டம் தெரிந்துவிடும். ஆனால் ஒரு பெருவெள்ளம் மணலை அரித்துச் சென்றால் வரைபடமும் மாறிவிடும். மறுபடியும் அளக்கத்தான் வேண்டும்.

மத்திய நீர்வள ஆணையம் பவானி ஆற்றைச் சவண்டப்பூரிலும், காவிரியைக் கொடுமுடியிலும் இவ்வாறு அளந்து வருகிறது.

அணைக்கு வரும் நீர்

பவானி, மோயாறு ஆகிய இரண்டும் வந்து சேரும் பவானிசாகர் அணை 1955-இல் கட்டி முடிக்கப்பட்டது. நீர்மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டி.எம்.சி. அணைக்கு வரும் நீரைக் கணக்கிட்டே அறிகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

நேற்றுக் காலை 8 மணிக்கு இருப்பு 20,000 மில்லியன் கன அடி. இன்று காலை 20,100 மில்லியன் கன அடி. இடையில் வாய்க்காலில் 2,300 கன அடி வீதம் திறந்துவிட்டதால் வெளியேறியது 199 மில்லியன் கன அடி. அப்படியானால் வந்தது 100 + 199 = 299 மில்லியன் கன அடி. வினாடிக் கணக்கில் சுமார் 3,460 கன அடி. வெயிலில் ஆவியான நீரையும் சேர்த்தால் கணக்கு முழுமை பெறும். மட்டத்தைக் கொண்டு இருப்பை அறிய ஓர் அட்டவணை உண்டு. வண்டல் படியப் படிய அதையும் திருத்த வேண்டும்.

முன்கூட்டி அறிதல்

கீழ்பவானி வாய்க்காலின் பாசனப் பரப்பு 2,07,000 ஏக்கர். அதில் பாதிக்கு ஒரு முறையும், மறுபாதிக்கு அடுத்த முறையும் நீர் விடப்படும். ஆகஸ்டு 15 முதல் 120 நாட்களுக்கு வினாடிக்கு 2,300 கன அடி விட எவ்வளவு நீர் வேண்டும்? பெருக்கிப் பாருங்கள், 23.8 டி.எம்.சி. வரும். பழைய பாசனங்களான தடப்பள்ளி, அரக்கன்கோட்டை, காலிங்கராயன் வாய்க்கால்களுக்கும், குடிநீருக்கும் வேண்டியது தனி. எனவே மதகைத் திறக்கும் நாளில் இன்றைய இருப்பை மட்டும் பார்த்தால் போதாது. இனி வரப்போகும் நீரையும் மதிப்பிட வேண்டும்.

அதற்கு மலைமேல் பெய்யும் மழையின் அளவு தேவை. 2019 ஆகஸ்டில் நீலகிரியின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 911 மி.மீ. மழை பதிவாயிற்று. கோவை நகரில் ஓராண்டு முழுவதும் வழக்கமாகப் பெய்யும் மழையைவிட இது அதிகம்! அம்மழைநீர் குந்தா, பில்லூர் வழியாகக் கீழே இறங்கிவரச் சில மணி நேரம் ஆகும். மலையிலிருந்து செய்தி உடனே வந்தால், கரையோர மக்களை மேட்டுக்கு அனுப்ப அந்த நேரம் உதவும். அக்டோபர் முடிய அணையில் 102 அடிக்கு மேல் தேக்குவதில்லை என்ற விதியும், வரக்கூடிய வெள்ளத்துக்கு இடம் விட்டுவைக்கும் முன்யோசனையே.

அளவும் நீதியும்

காவிரியில் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. நீர் திறந்துவிட வேண்டும் என 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்நீர் எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் அளக்கப்படுகிறது. இரு மாநிலங்களுக்கிடையே சாட்சி சொல்வது அங்குள்ள அளவீடுதான். ஒரு வாய்க்காலுக்குள்ளும் இதே நிலைதான். தலைமடையில் அளவு தவறினால் கடைமடையில் பயிர் காயும்.

நாமும் அளப்போம்

பள்ளி முற்றத்தில் மழைமானி ஒன்றை வைத்து, நாள்தோறும் காலை 8.30 மணிக்குக் குறித்து வரலாம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். 500 சதுர மீட்டர் கூரையில் 20 மி.மீ. மழை பெய்தால் 10,000 லிட்டர்! உங்கள் வீட்டுக் கூரைக்கும் கணக்கிட்டுப் பெற்றோரிடம் காட்டுங்கள்.

முடிவுரை

மழையிலும் வெயிலிலும், விடுமுறை நாளிலும் ஆற்றங்கரைக்குச் சென்று அளவுகோலைப் பார்த்து எழுதும் ஊழியரின் பெயர் நாளிதழில் வருவதில்லை. பார்க்காமலே அவர் ஓர் எண்ணை எழுதிவிட்டால், எங்கோ ஓர் உழவரின் நாற்று வீணாகும். பார்த்ததைப் பார்த்தபடி எழுதும் பழக்கம் நம் அறிவியல் ஏட்டிலேயே தொடங்கட்டும். நீரைச் சிக்கனமாகச் செலவிடுவதோடு, அதை உண்மையாக அளக்கவும் கற்றுக்கொள்வோம்.