எடை பார்ப்பது எதற்கு?

கேள்வி: என் அண்ணன் கடல் தொழிலாளி. சளிப் பரிசோதனையில் டிபி என்று வந்தது. மாத்திரை கேட்டால், நர்ஸ் எடை, உயரம் பார்த்து, காலில் வீக்கம் உண்டா என்று அழுத்திப் பார்த்து, பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொன்னார். இதெல்லாம் எதற்கு?
— வாசகர், தேங்காய்ப்பட்டணம்

பதில்: அந்தச் சில நிமிடங்கள் உங்கள் அண்ணனின் உயிரைக் காக்கக்கூடியவை. டிபி இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள்ளேயே நிகழ்கிறது. யார் ஆபத்தில் இருக்கிறார் என்பதை முதல் நாளே அறிய, 2022 ஏப்ரலில் தமிழக அரசு 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனம் இதில் துணை நிற்கிறது.

எடையும் உயரமும் சேர்ந்தால் பி.எம்.ஐ. அது 14 அல்லது அதற்கும் கீழே என்றால் (160 செ.மீ. உயரமுள்ளவருக்கு ஏறக்குறைய 36 கிலோ) உடனே மருத்துவமனையில் சேர்க்கப் பரிந்துரைப்பார்கள். கால் வீக்கமும் இருந்தால் 16-க்கே. மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94-க்குக் கீழ், பிடிமானமின்றி நிற்க முடியாமை, இவையும் அபாயக் குறிகள். ஸ்கேன் வேண்டாம், எடை மெஷினும் விரலில் மாட்டும் கருவியும் போதும்.

மாத்திரையோடு சாப்பாட்டையும் கவனியுங்கள். ஜார்க்கண்டில் நடந்த 'ரேஷன்ஸ்' ஆய்வில் (2023), இரண்டு மாதத்தில் 5 சதவீதம் எடை கூடியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. உங்கள் ஊரில் மீனுக்கா பஞ்சம்? சாளையும் முட்டையும் பயறும் தினமும் கொடுங்கள். மாதம் ஒருமுறை எடை பார்த்து எழுதி வையுங்கள். குறைந்தால் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்.