விடுவிக்கும் உரிமை யாருக்கு?
கர்னலில் வரைகலை நினைவகத்தைக் கையாள வந்திருக்கும் தங்கைக்கு



லினக்ஸ் கர்னலில், அதிலும் வரைகலை டிரைவர் பக்கம் வேலை செய்யப் போகிறாய் என்று தெரிந்ததும் இதை எழுதத் தோன்றியது. திருவனந்தபுரத்தின் கழக்கூட்டத்து அலுவலகங்களில் உன்னைப் போல இன்னும் பலர் இருக்கிறார்கள்; அவர்களுக்கும் இது பொதுதான். இந்த வேலைக்கு வருகிறவர்கள் முதலில் படிப்பது பஃபரை எப்படி ஒதுக்குவது, எப்படிப் படம் வரைய அனுப்புவது என்பதைத்தான். புத்தகங்களும் அங்கிருந்தே தொடங்குகின்றன. நான் உனக்குச் சொல்ல விரும்புவது வேறு. ஒதுக்குவதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. ஒதுக்கிய பொருளை யார் யார் பிடித்திருக்கிறார்கள், கடைசிக் கை எப்போது விடுகிறது, அதற்குப் பிறகே அது அழிகிறதா என்று கணக்கு வைப்பதில்தான் இந்தத் துறையின் முக்கால் பங்கு உழைப்பு போகிறது. டிரைவர் கோடு படிக்கும்போது விடுவிக்கும் பாதையை முதலில் படி, உருவாக்கும் பாதையைப் பிறகு படி.

இது எங்கோ அமெரிக்காவில் இருக்கும் சில்லு நிறுவனத்தின் கவலை என்று நினைத்துவிடாதே. 2001 ஜூலையில் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையைத் தொடங்கிவைத்த ஊர் திருவனந்தபுரம். அதே ஊரின் பூஜப்புரையில் இருக்கும் கைட் நிறுவனம் கேரளத்தில் 45,000 வகுப்பறைகளுக்கு மடிக்கணினியும் புரொஜெக்டரும் கொடுத்தது; உபுண்டுவை அடியாகக் கொண்டு பள்ளிகளுக்கென்றே தயாரித்த குனு/லினக்ஸை அவற்றில் ஓட்டுகிறது. இப்படிப்பட்ட மலிவு விலைக் கணினியில் தனி வரைகலை அட்டை இருக்காது. சிபியு எந்த ரேமில் வேலை செய்கிறதோ அதே ரேமைத்தான் வரைகலைச் சில்லும் பங்குபோட்டுக்கொள்ளும். ஒரு கணக்குப் போட்டுப் பார். 1920க்கு 1080 அளவுள்ள திரையில் புள்ளிக்கு 4 பைட் வீதம் ஒரு சட்டகத்துக்கு 82,94,400 பைட், ஏறத்தாழ 8 எம்பி. டிரைவரில் ஓர் இடத்தில் எண்ணிக்கையைக் குறைக்க மறந்து, வினாடிக்கு ஒரு சட்டகம் மட்டும் விடுபடாமல் தங்கிவிட்டால், 4 ஜிபி ரேம் 9 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். பாட வேளை முடிய இன்னும் அரை மணி நேரம் இருக்கும். இயந்திரம் ஸ்வாப்பில் மாட்டித் தவழும், பிறகு கர்னல் எதையாவது கொல்லத் தொடங்கும். சாதாரண நிரல் விட்ட கசிவு என்றால் அந்த நிரலை மூடினால் சரியாகிவிடும். கர்னலுக்குள் எண்ணிக்கை தவறினால் கணினியை மறுபடி தொடங்கும்வரை அந்த நினைவகம் யாருக்கும் இல்லை.

இப்போது பொருளையே எடுத்துக்கொள்வோம். 2008 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6.28-இல் ஜெம் என்கிற மேலாண்மை அமைப்பு சேர்ந்தது. இன்டெலில் கீத் பேக்கார்டும் எரிக் ஆன்ஹோல்ட்டும் எழுதியது. அதற்கு முன்பே டிடிஎம் என்று ஒன்று உருவாகிக்கொண்டிருந்தது. தனி நினைவகம் உள்ள அட்டைகளை மனத்தில் வைத்துச் செய்ததால் அது பெரிதாகவும் சிக்கலாகவும் இருந்தது. ரேமைப் பகிரும் சில்லுக்கு அவ்வளவு தேவையில்லை என்பது ஜெம்காரர்களின் வாதம். ஜெம் பொருள் என்பது கர்னலுக்குள் ஒரு சிறு கட்டமைப்பு. பின்னால் பெயரில்லாத ஒரு கோப்பு, அதன் பக்கங்கள்தான் நினைவகம். பயனர் நிரலுக்கு அதன் முகவரி கிடைக்காது, ஹேண்டில் என்ற சிறு எண் மட்டும் கிடைக்கும். ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்க முடியும் என்று பார். ஹேண்டில் பட்டியல் பிடித்திருக்கும். நிரல் அதைத் தன் முகவரி வெளியில் மேப் செய்திருந்தால் அந்த மேப்பிங் பிடித்திருக்கும். திரையில் காட்டிக்கொண்டிருந்தால் ஃப்ரேம்பஃபர் பிடித்திருக்கும். வேறொரு செயல்முறைக்குப் பகிர்ந்திருந்தால் அந்தப் பகிர்வு பிடித்திருக்கும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, வரைகலைச் சில்லு பாதி வேலையில் அதற்குள் எழுதிக்கொண்டே இருக்கலாம். நிரல் தன் ஹேண்டிலை மூடியது என்பது இத்தனை கைகளில் ஒன்று விட்டது என்பதற்கு மேல் எதுவும் இல்லை.

ஒரு பிழையைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிறேன். விஜெம் என்று ஒரு டிரைவர் உண்டு. அதற்குப் பின்னால் எந்தச் சில்லும் கிடையாது. சோதனைக்காக எழுதப்பட்ட போலி டிரைவர், சில நூறு வரிதான். அதில் பஃபர் உருவாக்கும் செயல்கூறு முதலில் பொருளைப் படைக்கும், அப்போது எண்ணிக்கை ஒன்று. பிறகு ஹேண்டில் வாங்கும், எண்ணிக்கை இரண்டு. தன் வேலை முடிந்ததென்று தன் பிடியை விடும், எண்ணிக்கை மறுபடி ஒன்று. அதற்கும் பிறகு, பயனருக்குப் பதில் எழுத அந்தப் பொருளைத் திறந்து அதன் அளவைப் படிக்கும். பார்த்தால் தவறு தெரியாது. ஹேண்டில்கள் 1, 2, 3 என்று வரிசையாக வருபவை என்பதை நினைவில் வை. அதே நிரலின் இன்னொரு இழை, முதல் இழைக்கு எண் திரும்பி வருவதற்கு முன்பே அடுத்த எண்ணை ஊகித்து, மூடு என்று கர்னலைக் கேட்கலாம். அந்தக் கணத்தில் எண்ணிக்கை பூஜ்யம், பொருள் அழிந்தது. முதல் இழை அழிந்த இடத்தைத் தொட்டு அளவு படிக்கிறது. திருத்தம் என்னவென்றால் இரண்டு வரிகளின் வரிசையை மாற்றியது: முதலில் அளவைப் படி, பிறகு பிடியை விடு. 2020-இல் மூலக் கர்னலில் இது சரியானது. பழைய நிலைக் கர்னல்களில் அப்படியே கிடந்ததால் 2022-இல் சிவிஇ-2022-1419 என்ற எண்ணோடு பாதுகாப்புக் குறையாகப் பதிவானது. அதே 2022 டிசம்பரில் பேன்ஃப்ராஸ்ட், விர்ட்டியோ டிரைவர்களிலும் இதே வகைப் பிழைக்குத் திருத்தம் எழுத வேண்டியிருந்தது. எழுதியவர்கள் கற்றுக்குட்டிகள் அல்லர். ஹேண்டில் வெளியே தெரிந்த நொடியிலிருந்து பொருள் நம்முடையது மட்டும் அல்ல என்பது எத்தனை வருட அனுபவத்திலும் கை தவறக்கூடிய இடம்.

இதற்கு மேலும் ஒரு படி இருக்கிறது. எண்ணிக்கை சரியாக இருந்தாலும் போதாது. 2022 ஜனவரியில் இன்டெலின் ஐ915 டிரைவரில் சிவிஇ-2022-0330 வெளிவந்தது. பொருள் முறைப்படி விடுவிக்கப்பட்டது, எண்ணிக்கையில் தவறில்லை, பக்கங்கள் கர்னலிடம் திரும்பி, வேறு செயல்முறைக்கும் போயின. ஆனால் வரைகலைச் சில்லு தன் முகவரி மாற்றங்களை நினைவில் வைக்கும் டிஎல்பி என்ற சிறு அட்டவணை அழிக்கப்படவில்லை. அதனால் பழைய நிரல் சில்லின் வழியாக, இப்போது வேறொருவருடைய பக்கங்களைத் தொட முடிந்தது. குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்து சாவியும் கொடுத்துவிட்டார், மாற்றுச் சாவி மட்டும் அவர் பையிலேயே இருக்க, புதியவர் குடிவந்துவிட்டார் என்பதைப் போன்றது இது. பக்கங்களைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் அந்த அட்டவணையை அழிக்க வேண்டும் என்பதே திருத்தம். சிபியு பக்கக் கணக்கை மட்டும் பார்த்து விடுதலை சொல்லக் கூடாது; சில்லும் உண்மையில் மறந்துவிட்டதா என்று உறுதி செய்த பிறகே சொல்ல வேண்டும்.

ரஸ்ட் மொழி வந்துவிட்டதே, இனி இதெல்லாம் எதற்கு என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி, 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பு முதல் கர்னலில் ரஸ்டுக்கு இடம் உண்டு, ஆப்பிள் சில்லுகளுக்கான வரைகலை டிரைவரும் அந்த மொழியிலேயே எழுதப்பட்டது. விஜெமில் நடந்ததைப் போன்ற பிழையை ரஸ்ட் தொகுப்பி பெரும்பாலும் கதவிலேயே நிறுத்திவிடும், அது பெரிய லாபம், நீ அந்த மொழியைக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் தொகுப்பியின் கண்ணுக்குத் தெரிவது சிபியு இயக்கும் நிரல் மட்டும். முகவரியைப் பிடித்துக்கொண்டு தனியாக ஓடும் இன்னொரு சில்லு அதன் கண்ணில் படாது. ஐ915-இல் நடந்ததை எந்த மொழியும் தானாகத் தடுத்திருக்காது. சில்லு விட்டுவிட்டது என்ற உண்மையை மொழிக்குள் ஒரு விதியாக எழுதிவைப்பது மனிதர் வேலை. அதை எழுத அந்த உண்மை முதலில் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இவ்வளவு எச்சரிக்கையும் வேகத்தைக் கெடுக்காதா என்பது அடுத்த மறுப்பு. எண்ணிக்கைக்கு ஒரு விலை உண்டு, பூட்டுக்கு ஒரு விலை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விடுவிப்பைச் சரியாகக் கணக்கு வைக்காத டிரைவருக்கு ஒரே வழிதான் மிஞ்சும்: சில்லு வேலையை முடிக்கும்வரை சிபியு கைகட்டி நிற்பது. ஃபென்ஸ் என்ற ஏற்பாடு வந்தது இந்த நிற்பதைத் தவிர்க்கத்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபென்ஸ், அந்த வேலை தொடும் ஒவ்வொரு பொருளிலும் அதைப் பதிந்துவைப்பது, வேலை முடிந்ததும் சில்லு அதை அறிவிப்பது. சிபியு வேலையைக் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடும். நிரல் ஹேண்டிலை மூடினாலும் ஃபென்ஸ் அறிவிக்கும்வரை பக்கங்கள் பத்திரமாக இருக்கும். வேகம் வந்ததே கணக்கு தெளிவாக இருந்ததால்தான்.

இங்கேதான் நீ மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடமும் வருகிறது. கணினியில் ரேம் குறையும்போது கர்னல் ஒவ்வொரு டிரைவரையும் கூப்பிட்டு, சும்மா இருக்கும் பொருள்களை விடச் சொல்லும். டிரைவர் அதற்காக ஏதோ ஒரு ஃபென்ஸ் அறிவிக்கட்டும் என்று காத்திருக்கலாம். அந்த ஃபென்ஸை அறிவிக்கும் பாதையில் யாரோ ஒருவர், சாதாரணமாக, சிறிதளவு நினைவகம் கேட்டுவிட்டால் என்ன ஆகும்? நினைவகம் கிடைக்க ஃபென்ஸ் அறிவிக்க வேண்டும், ஃபென்ஸ் அறிவிக்க நினைவகம் கிடைக்க வேண்டும். கணினி அப்படியே உறைந்துபோகும். நிறைய ரேம் உள்ள உன் மேசைக் கணினியில் இது பெரும்பாலும் வராது. 4 ஜிபி பள்ளி மடிக்கணினியில் வரும். இதற்காகவே 2020-இல் டேனியல் வெட்டர் அறிவிப்புப் பாதையைக் குறியிட்டுக் காட்டும் வசதியைச் சேர்த்தார். அந்தக் குறி இருந்தால், உறைவு உண்மையில் நடக்காவிட்டாலும், பூட்டுகளைக் கண்காணிக்கும் லாக்டெப் முன்கூட்டியே கத்தும். உன் டிரைவரில் அந்தக் குறியை முதல் நாளே போடு. அறிவிப்புக்குத் தேவையான எல்லா நினைவகத்தையும் வேலையை ஏற்றுக்கொள்ளும்போதே எடுத்துவைத்துக்கொள். இந்த ஒரு விதியை மீறிய டிரைவரைப் பிறகு சரிசெய்வது, புதிதாக எழுதுவதைவிடக் கடினம்.

கடைசியாக ஒரு தயக்கம், நம் ஊர்ப் பிள்ளைகளிடம் அதிகம் இருப்பது: இதெல்லாம் இன்டெலும் ஏஎம்டியும் செய்கிற வேலை, நாம் என்ன செய்துவிட முடியும்? ஜெம் தொடக்கத்தில் செயல்முறைகளுக்கிடையே பொருளைப் பகிர, கணினி முழுவதற்கும் பொதுவான ஓர் எண்ணைக் கொடுத்தது. எண்ணை ஊகிப்பவர் அடுத்தவர் பஃபரைத் திறந்துவிடலாம். ஒரு சாதனத்திலிருந்து இன்னொரு சாதனத்துக்குக் கொடுக்கவும் அது உதவவில்லை. இதை மாற்றியது 2012 மார்ச்சில் லினக்ஸ் 3.3-உடன் வந்த டிஎம்ஏ-பஃப். பொருளை ஒரு கோப்பு விவரிப்பியாகக் கொடுப்பது அதன் வழி. கையில் கொடுத்தால் ஒழிய யாருக்கும் கிடைக்காது, கோப்பை மூடினால் பிடி விடும், செயல்முறை செத்தாலும் கர்னலே மூடிவிடும். இன்று வீடியோ ஓட்டும் நிரலிலிருந்து திரைக்குச் சட்டகம் நகலெடுக்காமல் போவது பெரும்பாலும் இதன் வழியேதான். டிஎம்ஏ-பஃபின் மூலக் கோப்பின் தலைப்பில் ஆசிரியராக இன்றும் இருக்கும் பெயர் சுமித் செம்வால், இந்தியப் பொறியாளர். பிடிப்பதும் விடுவதும் யார் பொறுப்பு என்ற கேள்விக்குத் தெளிவான விடை சொன்னதால்தான் அவர் பணி எல்லா டிரைவர்களுக்கும் அடித்தளம் ஆனது.

நம் ஊரிலேயே, திருவனந்தபுரம் வெள்ளயம்பலத்தில் இருக்கும் சி-டாக் மையம் வேகா என்ற பெயரில் ரிஸ்க்-வி செயலிகளை வடிவமைக்கிறது. அப்படியொரு உள்நாட்டுச் செயலியோடு ஒரு திரைக் கட்டுப்பாட்டகத்தைச் சேர்த்து ஒரு பலகை செய்வோம் என்று யாராவது கிளம்பினால், அதற்குக் கர்னல் டிரைவர் எழுத வேண்டியவர்கள் உன் தலைமுறையினர். சிறு பலகைகளில் திரைக் கட்டுப்பாட்டகத்துக்கென முகவரி மாற்றும் வன்பொருள் பெரும்பாலும் இருக்காது. அதனால் சட்டகத்துக்கு 8 எம்பி ஒரே தொடராக வேண்டும். அந்தத் தொடர் இடம் மொத்தமே கொஞ்சம்தான். ஒரு பஃபர் விடுபடாமல் போனால் அடுத்த திரையே வராது. கசிவுக்கு அங்கே மன்னிப்பு கிடையாது.

ஆகவே இந்த வாரமே ஒன்று செய். வரைகலை டிரைவர்களின் அடைவில் டிஆர்எம்_ஜெம் என்ற கோப்பைத் திற. பொருளின் கடைசிப் பிடி விடும் இடத்திலிருந்து பின்னோக்கி, அதைப் பிடிக்கும் ஒவ்வொரு கையையும் தாளில் எழுதிக்கொண்டே போ. பிறகு 2020 திருத்தத்துக்கு முந்தைய விஜெமை எடுத்து, விடுவித்த நினைவகத்தைத் தொட்டால் காட்டிக்கொடுக்கும் கேசான் என்ற கருவியைப் போட்டுக் கட்டிய கர்னலில் ஒரு மெய்நிகர் கணினியில் ஏற்றி, ஒரு இழை பஃபர் உருவாக்க, இன்னொன்று எண்ணை ஊகித்து மூடும்படி ஒரு சிறு நிரல் எழுதி ஓட்டு. சில்லு எதுவும் வேண்டாம், உன்னிடம் இருக்கும் மடிக்கணினி போதும். கேசான் அறிக்கை திரையில் வரும்வரை விடாதே; வந்ததும் அதை வரி வரியாகப் படி, எந்த வரியில் பிடி விட்டது, எந்த வரியில் தொட்டது என்று குறித்துவை. உன் சொந்த டிரைவரின் முதல் வரியை அதற்குப் பிறகு எழுது.