ஹீட்டர் ஷாக்: கடைக்காரர் பொறுப்பா, வீட்டுக்காரர் பொறுப்பா?

கேள்வி: விருத்தாசலத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எனக்கு பீங்கான் கம்பெனியில் வேலை. போன மார்கழியில் கடைத்தெருவில் வாட்டர் ஹீட்டர் ராடு ஒன்று வாங்கினேன். பில் தரவில்லை, பணத்தை செல்போனில் அனுப்பினேன். ராடில் கம்பெனி பெயரோ ஐ.எஸ்.ஐ. முத்திரையோ இல்லை. இரும்பு வாளியில் போட்டிருந்தபோது என் மனைவி தண்ணீரில் கை வைத்தார். ஷாக் அடித்து விழுந்ததில் மணிக்கட்டு முறிந்துவிட்டது. ஃபியூஸ் போகவே இல்லை. பிறகு சாக்கெட்டைக் கழற்றிப் பார்த்தால், எர்த் வயரே வரவில்லை. “வயரிங்தான் கோளாறு” என்கிறார் கடைக்காரர். “உங்க ஹீட்டர்தான் கோளாறு” என்கிறார் வீட்டுக்காரர். யார் மேல் வழக்குப் போடுவது?

பதில்: இரண்டு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். அதனால் இரண்டு பேருமே தப்பித்துவிட முடியாது. கடைக்காரருக்கு ஒரு சட்டம், வீட்டுக்காரருக்கு வேறொரு சட்டம்.

முதலில் அந்த ஃபியூஸ். பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்கிற ஊரிலிருந்தே இந்தக் கேள்வி வருவது வேடிக்கைதான். 1,500 வாட் ராடு 230 வோல்ட்டில் இழுப்பது சுமார் 6.5 ஆம்பியர். ஃபியூஸ் கம்பி உருக அதைவிடக் கூடுதலாக ஓடவேண்டும். கேரியரில் இரண்டு மூன்று இழை செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டியிருந்தால் அதற்கும் உருகாது. ஆனால் மனித உடம்புக்கு 30 மில்லியாம்பியரே ஆபத்து. ஃபியூஸ் காப்பாற்றுவது வயரை, ஆளை அல்ல. ஆளைக் காப்பாற்ற எர்த் வேண்டும், கசிவைக் கண்டதும் கரண்ட்டை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. வேண்டும்.

ராடின் செம்புக் குழாய்க்குள் இருப்பது நிக்ரோம் சுருள். சுருளுக்கும் குழாய்க்கும் நடுவே மக்னீசியம் ஆக்சைடு தூள். தண்ணீருக்கு வெளியே சூடேறினாலோ, போர் தண்ணீரின் உப்பு தடிமனாகப் படிந்தாலோ குழாய் வெடிப்பு விடும். தூளில் ஈரம் இறங்கும். கரண்ட் குழாய்க்கு வந்துவிடும். எர்த் இருந்தால் அது அந்த வழியே போகும். இல்லாவிட்டால் தண்ணீரும் வாளியும் சேர்ந்து கரண்ட் ஏறி நிற்கும், தொடுகிற கைக்காக.

கடைக்காரர் மேல் போடும் வழக்குதான் பலமானது. மின் சாதனங்களுக்கான 2003ஆம் ஆண்டு தரக் கட்டுப்பாட்டு ஆணையிலேயே இந்த ராடு இடம்பெற்றுவிட்டது, ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக்கூடாது. மீறினால் இந்திய தர நிர்ணய அமைவனச் சட்டம், 2016-ன்படி குறைந்தபட்ச அபராதமே 2 லட்சம் ரூபாய், சிறைக்கும் இடமுண்டு. இது அரசு எடுக்கும் நடவடிக்கை. வாசகரின் மனைவிக்கு இழப்பீடு வாங்கித் தருவது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019. “நான் செய்த பொருளா இது?” என்று கடைக்காரர் கேட்பார். தயாரித்தவர் யாரென்று தெரியாவிட்டால் விற்றவரே பொறுப்பு என்று அதே சட்டத்தின் 86ஆம் பிரிவு சொல்கிறது. பெயரில்லாத சரக்கை வாங்கி விற்பதில் உள்ள ஆபத்து இதுதான். பல கடைக்காரர்களுக்கு இது தெரியாது.

பில் இல்லையே என்று தயங்க வேண்டியதில்லை. பில் தராமல் விற்பதையே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அந்தச் சட்டம் வகைப்படுத்துகிறது. செல்போனில் பணம் போன பதிவு ஒரு சாட்சி. பணம் கொடுத்தவர் கணவர் என்றாலும், அவர் சம்மதத்தோடு பயன்படுத்திய மனைவியும் நுகர்வோர்தான், தாமே மனுதாரராகலாம்.

ஒரு ஓட்டை உண்டு. விபத்தின்போது பொருள் தவறாகப் பயன்படுத்தப்பட்டிருந்தாலோ மாற்றப்பட்டிருந்தாலோ விற்றவர் மேல் வழக்கு நிற்காது என்கிறது 87ஆம் பிரிவு. மூன்று பின் பிளக்கை வெட்டிவிட்டு வயரை நேராகச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சி வைத்து இறுக்குவது நம் வீடுகளில் புதிதல்ல. அப்படி ஏதும் செய்திருந்தால் வழக்கறிஞரிடம் முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

அடுத்து வீட்டுக்காரர். 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், யார் எதைப் பழுது பார்க்கவேண்டும் என்று இரண்டாம் அட்டவணையில் பிரித்திருக்கிறது. சுவிட்ச், சாக்கெட் பழுது குடியிருப்பவர் செலவு. வீட்டின் உள், வெளி வயரிங் உரிமையாளர் செலவு. சாக்கெட் உடைந்திருந்தால் வாசகர் பொறுப்பு. சாக்கெட் வரை எர்த் வயரே இழுக்காமல் விட்டது வீட்டுக்காரர் கணக்கு. எழுத்தில் கேட்டும் அவர் செய்யாவிட்டால், செய்துகொண்டு வாடகையில் கழிக்க வழியுண்டு. காயத்துக்கான இழப்பீட்டை மட்டும் உரிமையியல் நீதிமன்றத்தில்தான் கேட்கமுடியும். அங்கே அவருடைய கவனக்குறைவை நிரூபிக்கவேண்டும்.

மின்வாரியத்தை இழுக்க முடியாது. அறுந்து கிடந்த மின்கம்பியால் நேர்ந்த சாவுக்கு, கவனக்குறைவை நிரூபிக்காமலே வாரியம் பொறுப்பு என்று 2002இல் மத்தியப் பிரதேச மின்வாரியம் எதிர் ஷைல் குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அது வெளியே ஓடும் கம்பிக்கு. மீட்டருக்கு உள்பக்கம் நடந்ததற்கு அந்தத் தீர்ப்பு உதவாது.

இப்போதைக்கு ராடைத் தூக்கிப் போடவோ பழுது பார்க்கவோ கூடாது. நுகர்வோர் ஆணையமே அதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லலாம். வீட்டுக்காரர் ஆள் வைத்துப் புது வயர் இழுக்கும் முன் சாக்கெட்டின் உட்புறத்தைப் படம் எடுத்துக்கொள்ளவேண்டும். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல் (ஏ.ஆர். காப்பி), எக்ஸ்ரே, ரசீதுகள் எல்லாம் கையில் இருக்கவேண்டும். வேலைக்குப் போகமுடியாத நாட்களுக்கான கணக்கும் வேண்டும். நோட்டீஸ் அனுப்பியும் பதில் இல்லையென்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடமுடியும். கட்டணம் பொருளின் விலையை வைத்துத்தான். 5 லட்சம் வரை ஏதுமில்லை. ஆகவே சில நூறு ரூபாய் ராடுக்குக் கட்டணமே கட்டாமல் லட்சக்கணக்கில் இழப்பீடு கேட்கலாம். வக்கீல் கட்டாயமில்லை. விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனு போயிருக்கவேண்டும்.