செஸ் ரேட்டிங் சரிகிறதா?

தொடர்ந்து இரண்டு ஆட்டம் தோற்றால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். விட்டதைப் பிடிக்கும் வெறியில் நள்ளிரவில் ஆடும் பிளிட்ஸ்தான் ரேட்டிங்கை அதிகம் தின்கிறது. ஒரு வாரத்துக்கு, ஆளுக்கு 15 நிமிடத்துக்குக் குறைவான ஆட்டமே வேண்டாம்.

தோற்ற ஆட்டத்தை உடனே என்ஜினிடம் கொடுக்காதீர்கள். எந்த இடத்தில் என்ன நினைத்து ஆடினீர்கள் என்று முதலில் நோட்டில் எழுதுங்கள். பிறகு என்ஜினைக் கேளுங்கள். சொந்த ஆட்டங்களை ஈவிரக்கமின்றி அலசுவதை உலக சாம்பியன் போட்வின்னிக் பெரிதும் வலியுறுத்தினார். பெரும்பாலும் தோல்விக்குக் காரணம் ஓப்பனிங் அல்ல, காவலில்லாமல் விட்ட குதிரை! காயைத் தொடுமுன், எதிராளி எங்கே செக் வைக்கலாம், எதை வெட்டலாம் என்று பாருங்கள்.

புது ஓப்பனிங் புத்தகம் இப்போது வேண்டாம். 1921-ல் வெளிவந்த காபபிளாங்காவின் ‘செஸ் ஃபண்டமென்டல்ஸ்’ போதும். எளிய முடிவாட்டங்களிலிருந்தே ஆரம்பிக்கிறார் மனிதர்.